போலீஸ் எண்ணிக்கை கூடினால் குற்றம் குறையுமா?

1972 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி போலீஸ் ஒரு துணிச்சலான காரியத்தில் இறங்கியது. நகரின் தென்பகுதியில் இருந்த 15 ரோந்துப் பகுதிகளை மூன்று கூறாகப் பிரித்தார்கள். ஐந்து பகுதிகளில் ரோந்தே கிடையாது. யாராவது போன் செய்து கூப்பிட்டால் மட்டும் வண்டி உள்ளே போகும். இன்னோர் ஐந்தில் வழக்கம்போல ஒரு வண்டி. மீதி ஐந்தில் இரண்டு, மூன்று மடங்கு ரோந்து. ஒரு வருஷம் இப்படியே ஓட்டி, திருட்டு, வழிப்பறி, மக்களின் பயம், போலீஸ் வந்துசேர ஆகும் நேரம் எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள்.

1974-ல் முடிவு வெளியானபோது போலீஸ் வட்டாரமே ஆடிப்போனது. மூன்று வகைப் பகுதிகளுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. ரோந்து நின்ற இடத்தில் குற்றம் பெருகவில்லை, மும்மடங்கான இடத்தில் குறையவும் இல்லை. ரோந்து கூடியதையும் குறைந்ததையும் அங்கே குடியிருந்தவர்கள் கவனிக்கக்கூட இல்லை.

அப்படியானால் போலீஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று பலர் முடிவுகட்டினார்கள். அது தவறு. 1969 அக்டோபர் 7 அன்று கனடாவின் மான்ட்ரியலில் நகரப் போலீசார் 16 மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று இரவுக்குள் வங்கிகள் கொள்ளையடிக்கப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன, கடைசியில் ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று. போலீசே இல்லை என்று ஊருக்கே தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. கன்சாஸ் சிட்டியில் ரோந்து நின்ற பகுதியிலும் கூப்பிட்டால் போலீஸ் வந்தது. பக்கத்துப் பகுதியில் வண்டிகள் ஓடின. ரோந்து நின்ற செய்தி யாருக்கும் தெரியவும் இல்லை.

சரி, மும்மடங்கு ரோந்து ஏன் பலிக்கவில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ரோந்துப் பகுதியில் 60 கிலோமீட்டர் தெருக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் தெருவையும் சுற்றிவர 3 மணி நேரம் ஆகும். ஒரு முனையில் நிற்பவரின் கண்ணுக்கு இந்தப் பக்கம் 100 மீட்டர், அந்தப் பக்கம் 100 மீட்டர் தெரிகிறது என்றால், வண்டி அவர் பார்வையில் இருப்பது 36 விநாடி. 3 மணி நேரத்தில் 36 விநாடி! இதை மும்மடங்காக்கினாலும் 2 நிமிஷத்தைத் தொடவில்லை. அதுவும் நடுவில் வேறு எந்த அழைப்பும் வராமல் இருந்தால்தான். பூட்டை உடைக்க நினைப்பவனுக்கு இந்த மாற்றம் தெரிய வழியே இல்லை.

ஆள் கணக்கிலும் இதே மாதிரி ஒரு சுருக்கம் இருக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு காவலர் நாளைக்கு 8 மணி நேரம், வாரம் 5 நாள் வேலை பார்த்தால் 40 மணி நேரம். ஒரே ஓர் இடத்தில் எந்நேரமும் ஒருவர் நிற்க வேண்டும் என்றாலே 4.2 பேர் தேவை. விடுப்பு, பயிற்சி, நீதிமன்றச் சாட்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேராகிவிடும். 100 பேரைப் புதிதாக வேலைக்கு எடுத்ததாக அறிவிப்பு வந்தால், எந்த ஒரு நேரத்திலும் பணியில் இருக்கப்போவது அதிகபட்சம் 20 பேர். அதில் ஸ்டேஷன் பாரா, எழுத்து வேலை, பந்தோபஸ்து போக மிச்சம்தான் தெருவுக்கு. தமிழ்நாட்டில் 2021-ல் காவலர்களுக்கு வார விடுப்பு அறிவிக்கப்பட்டது. ஏழு நாளும் உழைத்தவருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால், அதே வேலையைச் செய்ய சுமார் 17 சதவீதம் கூடுதல் ஆட்கள் வேண்டும். அந்த ஓய்வு கட்டாயம் கொடுக்க வேண்டியது; ஆளைக் கூட்டாமல் கொடுப்பதாகச் சொன்னால்தான் அது காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

ஆட்களைக் கூட்டினால் குற்றம் குறைகிறதா என்று அளப்பது அவ்வளவு எளிதல்ல. போலீஸ் அதிகம் உள்ள நகரங்களில் பெரும்பாலும் குற்றமும் அதிகமாகத்தான் இருக்கிறது. குற்றம் பெருகுவதால்தானே ஆளைக் கூட்டுகிறார்கள்! இதை அப்படியே எடுத்துக்கொண்டால், குடை பிடிப்பதால்தான் மழை பெய்கிறது என்று சொல்வதாகிவிடும். ஆகவே ஆய்வாளர்கள், குற்றத்தோடு சம்பந்தமில்லாத வேறு காரணத்தால் போலீஸ் திடீரென்று கூடிய சமயங்களைத் தேடுகிறார்கள்.

லண்டனில் அப்படி ஒரு சமயம் வந்தது. 2005 ஜூலை 7 குண்டுவெடிப்புகளில் 52 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த ஆறு வாரம் நகரின் மையத்திலுள்ள ஐந்து பகுதிகளில் மட்டும் போலீஸ் பணிநேரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டப்பட்டது. பயங்கரவாதத்துக்காக வந்த போலீஸ் அது, பிக்பாக்கெட்டுக்காக வரவில்லை. ஆனாலும் தெருத் திருட்டு, அடிதடி போன்ற குற்றங்கள் சுமார் 13 சதவீதம் குறைந்தன. போலீஸ் திரும்பிப் போனதும் குற்றமும் உடனே பழைய அளவுக்கு வந்துவிட்டது. மக்கள் பயந்து வீட்டுக்குள் இருந்ததுதான் காரணம் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பயம் போலீஸ் கிளம்பிய அதே வாரத்தில் சட்டென்று விலகியிருக்க வேண்டுமே. போலீஸ் 10 சதவீதம் கூடினால் குற்றம் 3 முதல் 4 சதவீதம் குறைகிறது என்று அந்த ஆய்விலிருந்து கணக்கிட்டார்கள்.

அதே கூடுதல் ஆளை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பெரிய வித்தியாசம் வருகிறது. அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரப் போலீசுக்கு ஒரு வருஷத்தில் வந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை 1980-களில் குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மன் குழுவினர் முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். நகரத்து முகவரிகளில் வெறும் 3 சதவீதத்திலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. மோசமான பேட்டை என்று பெயர் வாங்கிய இடத்திலும் பெரும்பாலான வீடுகளில் எதுவும் நடப்பதில்லை. ஒரு மதுக்கடை, ஒரு பஸ் நிறுத்தம், ஒரு முனை என்று சில புள்ளிகளில்தான் எல்லாம் குவிகிறது. பேட்டை முழுவதையும் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

அப்புறம் அத்தகைய 110 இடங்களைத் தேர்ந்து, அவற்றில் 55-ல் மட்டும் ரோந்தைக் கூட்டினார்கள். குற்ற அழைப்புகள் 6 முதல் 13 சதவீதம் வரை குறைந்தன. நேரில் கண்ட ரகளைகள் பாதியாயின. அந்தப் பதிவுகளை மறுபடி ஆராய்ந்த கிறிஸ்டோபர் கோப்பர், வண்டியில் கடந்து போவதால் பெரிய பயன் இல்லை என்று கண்டார். 10 முதல் 15 நிமிஷம் நின்றுவிட்டுப் போனால், கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் அமைதி நீடிக்கிறது. அதற்கு மேல் நின்றால் கூடுதல் பலன் இல்லை. கால் மணி நேரம் நின்று, அடுத்த இடத்துக்குப் போய், சொல்லாத நேரத்தில் திரும்பி வர வேண்டும். ஒரே காவலர் ஒரு ஷிப்டில் பல முனைகளைக் காக்க முடியும் என்பதுதான் இதன் அருமை. குற்றவாளி பக்கத்துத் தெருவுக்கு நகர்ந்துவிட மாட்டானா? கொஞ்சம் நகர்வது உண்டு. ஆனால் பல ஆய்வுகளில் பக்கத்துத் தெருக்களிலும் குற்றம் குறைந்தே இருக்கிறது.

நடை ரோந்தும் இப்படித்தான். 1978-79-ல் அமெரிக்காவின் நூவர்க் நகரில் போலீசார் நடந்து சுற்றியபோது குற்றம் குறையவில்லை, மக்களுக்குத் தைரியம் மட்டும் கூடியது. 2009-ல் பிலடெல்பியாவில் வன்முறை மிகுந்த 60 சின்னச் சின்ன இடங்களில் மட்டும் நடக்கவிட்டபோது, அதுபோன்ற மற்ற இடங்களோடு ஒப்பிட 23 சதவீதம் வன்முறை குறைந்தது. கோடை முடிந்து அவர்களை எடுத்ததும் பலனும் மங்கிப்போனது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அமெரிக்காவின் 242 நகரங்களை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஆய்வின்படி, 10 முதல் 17 போலீசார் கூடினால் வருஷத்துக்கு ஒரு கொலை தவிர்க்கப்படுகிறது. அதே சமயம் சில்லறைக் குற்றங்களுக்கான கைதுகளும் பெருகுகின்றன. அந்தச் சுமை கருப்பின மக்கள்மீது கூடுதலாக விழுகிறது. கொலை குறைந்த கணக்கைச் சொல்லும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கன்சாஸ் சிட்டியில் பின்னால் நடந்த இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும். போலீஸ் வந்துசேர ஆகும் நேரத்தைக் குறைத்தால் அதிகம் பேர் பிடிபடுவார்கள் என்று நம்பி அளந்தார்கள். பெரும்பாலான குற்றங்கள் ஆள் தப்பிய பிறகுதான் தெரியவந்தன. கண்ணெதிரே நடந்தவற்றிலும், பாதிக்கப்பட்டவர்கள் பதறிப்போய் வீட்டாரிடமோ நண்பர்களிடமோ பேசிவிட்டு, அதன் பிறகே போலீசைக் கூப்பிட்டார்கள். அந்தத் தாமதத்தை எத்தனை வண்டி வாங்கினாலும் குறைக்க முடியாது. ஸ்டேஷன் படியேறவே மக்கள் தயங்கும் இடங்களில் அது இன்னும் நீளும். அங்கே முதலில் தேவைப்படுவது, பெயர் சொல்லி நம்பிக் கூப்பிடும் அளவுக்குத் தெருவுக்குப் பழக்கமான ஒரு காவலர். அவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றாத ஒரு நிர்வாகம்.