ஆட்டோகிராஸ் காருக்கு ரிம், டயர் சைஸ்: வாங்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்

சேலத்தில் டயர், வீல் அலைன்மென்ட் தொழில் செய்கிறேன். ஆட்டோகிராஸ், அதாவது சின்ன வளைவு ட்ராக்கில் நேரம் பார்த்து ஓட்டும் கார் பந்தயம், அதில் ஓட்ட ஆசைப்பட்டு, சொந்தக் காரோடு வரும் பையன்கள் இப்போது அதிகம். காரில் பாதிக்குமேல் பழைய ஸ்விஃப்ட்தான். கேள்வியும் பெரும்பாலும் ஒன்றே: "அண்ணா, பதினேழு இன்ச் அலாய் போட்டா வளைவுல நல்லாப் பிடிக்குங்களா?"

"தம்பி, எந்தத் தரையில ஓட்டப் போறீங்க?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். நம் ஊர்ப் பக்கம் ஆட்டோகிராஸ் என்றால் பல இடங்களில் மண் ட்ராக். அமெரிக்காவில் அதே பெயரில் நடப்பது பெரிய பார்க்கிங் மைதானத்தில், கூம்புகளை நட்டு, தார் அல்லது கான்கிரீட் தரையில் ஓட்டும் பந்தயம். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனையில் பெரும்பகுதி அந்தத் தரைக்கானது. அகல ரிம், அகல டயர், தாழ்ந்த சைடுவால் (டயரின் பக்கச் சுவர்), மென்மையான ரப்பர் என்பதெல்லாம் அங்கே சரி. மண்ணில் அகல டயர் மேலே கிடக்கும் புழுதியிலேயே மிதக்கும். ஒடுக்கமான டயர் அதை வெட்டிக்கொண்டு இறங்கி, அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். பட்டனுக்கு (தரையில் படும் ரப்பர் கட்டைகளுக்கு) நடுவே இடைவெளியும் சைடுவாலுக்கு உயரமும் வேண்டும். இல்லையென்றால் சரளையில் ஒரு அடி விழுந்ததும் ரிம் விளிம்பு வளைந்து காற்று இறங்கிவிடும். மண் ட்ராக் மட்டும்தான் என்றால் பழைய 14 இன்ச் இரும்பு ரிம்மே போதும்; கழற்றாதீர்கள். வளைந்தாலும் தட்டி நிமிர்த்தலாம், மாற்றினாலும் செலவு குறைவு.

தார்த் தரையில் ஓட்டுபவர்களுக்கு வேலை கொஞ்சம் அதிகம். முதலில் டயரின் மொத்த உயரத்தைக் கணக்குப் போடுங்கள். ஸ்விஃப்டில் பல மாடல்களுக்குக் கம்பெனி கொடுத்தது 165/80 ஆர்14. அகலம் 165 மி.மீ. சைடுவால் அதில் 80 சதவீதம், அதாவது 132. மேலும் கீழும் சேர்த்து 264. ரிம் 14 இன்ச், 355.6 மி.மீ. கூட்டினால் ஏறக்குறைய 620. உயர் மாடலில் வரும் 185/65 ஆர்15 போட்டுப் பாருங்கள், 621.5. 195/55 ஆர்16 என்றால் 621. மூன்றும் ஒரே உயரம், அதனால் ஸ்பீடோமீட்டரும் கியரும் மாறாது.

இப்போது ஆட்டோகிராஸ்காரர்களுக்குப் பிடித்த 195/50 ஆர்15. உயரம் 576 தான் வருகிறது, 7 சதவீதம் குறைவு. பந்தயத்தில் இது லாபம். எல்லா கியரிலும் இழுவை 7 சதவீதத்துக்கு மேல் கூடும், கார் 22 மி.மீ. தாழும், வளைவில் சாய்வது குறையும். ஆனால் ட்ராக்கில் பெரும்பாலும் இரண்டாம் கியரில்தான் ஓடுவோம். நீளமான நேர்பாதை இருந்தால் அந்த கியரில் எஞ்சின் சுற்று சீக்கிரமே லிமிட்டைத் தொட்டுவிடும். நடுவில் மூன்றாவது போட்டு இறக்க வேண்டி வந்தால் கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும். ரோட்டிலும் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, கம்பெனி டயரில் இருந்ததைவிட 7 சதவீதம் குறைவாகத்தான் போய்க்கொண்டிருப்பீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் பார்ப்பதே இல்லை. சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்க எண், தாங்கும் எடையைச் சொல்வது. 165/80 ஆர்14இல் 85 என்று இருந்தால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 195/50 ஆர்15இல் வழக்கமாக இருப்பது 82, அதாவது 475 கிலோ. ஓட்டுபவர் மட்டும் உட்கார்ந்து ட்ராக்கில் ஒரு நிமிடம் சுற்றுவதற்கு அது பிரச்சினை இல்லை. அதே டயரோடு வீட்டில் ஐந்து பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்கு மே மாத வெயிலில் கிளம்புவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே உள்ள டயரை ரோட்டில் ஓட்ட வேண்டாம். பந்தயத்துக்குத் தனி செட் வைத்துக்கொள்ளுங்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெரிய ரிம் போட்டால் பிடிமானம் கூடும் என்பது பார்வையில் வரும் நம்பிக்கை. தரையைப் பிடிப்பது ரப்பர். ரிம்மின் விட்டம் அல்ல. கடையில் தராசு இருக்கிறது, ரிம்மையும் டயரையும் சேர்த்து ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டோகிராஸில் கார் நிற்பதும் கிளம்புவதுமாகவே இருக்கும். சக்கரத்தில் கூடும் எடையை ஒவ்வொரு முறையும் சுற்றவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். சின்ன எஞ்சின் காருக்கு அது நேரடியாகத் தெரியும். பணம் அளவாக இருந்தால் 15 இன்ச்சில் எடை குறைந்த ரிம்மை எடுத்து, மிச்சத்தை நல்ல டயரில் போடுங்கள். டயரிலும் தயாரிப்பு வாரத்தைப் பாருங்கள். சைடுவாலில் 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். எவ்வளவு மென்மையான ரப்பரும் வருடக்கணக்கில் கிடந்தால் இறுகிப்போகும்.

ரிம் அகலத்தில் 195/50க்கு 5.5 முதல் 7 இன்ச் வரை பொருந்தும். ஒடுக்கமான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் வளைவில் சைடுவால் மடங்கி, ஸ்டியரிங் தாமதமாகத்தான் பேசும். அப்புறம் ஆஃப்செட், அதாவது ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ரிம் காரோடு ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. 5 இன்ச் ரிம்மிலிருந்து அதே ஆஃப்செட்டில் 7 இன்ச்சுக்குப் போனால் உள்பக்கம் 25 மி.மீ., வெளிப்பக்கம் 25 மி.மீ. கூடும். உள்ளே ஸ்ட்ரட்டில் (சஸ்பென்ஷன் தூணில்) உரசும், வெளியே ஃபெண்டரில் உரசும். இதைக் காகிதத்தில் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். காற்றடித்த டயரோடு சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை லோயர் ஆர்முக்கு (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க் கைக்கு) அடியில் கவனமாக வைத்து சஸ்பென்ஷனை அமுக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். டயர் தோளில் சாக்பீஸ் பூசிவைத்தால் எங்கே தொடுகிறதோ அங்கே வெள்ளையாகப் பதியும். ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரலாவது நுழைய வேண்டும்.

ஸ்விஃப்டுக்கு நான்கு போல்ட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. அது பொருந்திவிட்டதென்று மாட்டிவிடக் கூடாது. நடு ஓட்டை 54.1 மி.மீ.; வெளிச் சந்தை ரிம்களில் பெரும்பாலும் இதைவிடப் பெரிது. இடையில் வளையம் போடாவிட்டால் சக்கரம் மையத்தில் உட்காராமல் ஆடும். நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா என்பதும் ரிம்மோடு ஒத்திருக்க வேண்டும். பழைய ரிம் வாங்கினால் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். வெல்டு வைத்த அலாய் என்று தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விரலால் தடவினால் மேடு தட்டும்.

ஏற்காடு மலைப்பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. புது டயரைச் சோதிக்க இரவில் அங்கே போகிறோம் என்று பையன்கள் சொல்லும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அது பொதுச் சாலை. வளைவில் திரும்பும் பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும், எதிரே வருபவர் எங்கேயும் ஒதுங்க முடியாது. சாதாரணமாகப் போய்வருவதற்கும் ஒரு கணக்கு உண்டு. கம்பெனி அளவைவிட உயரமான டயர் போட்டால் கியர் இழுவை குறையும். இறங்கும்போது எஞ்சின் பிடித்து நிறுத்தும் பலமும் குறையும், அந்தப் பாரம் பிரேக்கில் விழும். சூடேறிய பிரேக் கடைசி வளைவுகளில் அழுத்த அழுத்தப் பிடிக்காமல் போகலாம்.

ட்ராக்கில் காற்றின் அளவை அறியவும் அதே சாக்பீஸ் போதும். சைடுவாலின் மேல் விளிம்பில் சின்ன முக்கோணம் இருக்கும். அந்த இடத்தில் பட்டன் விளிம்பிலிருந்து கீழே சைடுவால் வரை கோடு போட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். முக்கோணத்தையும் தாண்டிக் கீழே அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். முக்கோணத்துக்கு மேலேயே கோடு நிற்கிறதென்றால் காற்று அதிகம், இறக்குங்கள். முன் சக்கர இழுவைக் காரில் முன் டயருக்குத்தான் வேலை அதிகம், அதையே முதலில் பாருங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றை மாற்றி, நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) மேனுவலில் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். 50 கிலோமீட்டர் போனதும் இன்னொரு முறை நிறுத்தி முடுக்கிப் பாருங்கள். புது ரிம்மில் நட்டு கொஞ்சம் இளகுவது உண்டு.