கனடாவில் முதல் பருவம்: சொல்லாமல் விடுவதால் வரும் இடர்

ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள ஒரு கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் பிள்ளைகளில் பலர், பாடம் புரியாமல் திணறும் முதல் மாதத்தில் என்னைத் தேடி வருவதில்லை. எச்சரிக்கைக் கடிதம் கைக்குக் கிடைத்த பின்னரே வருகிறார்கள். அதற்குள் சில வழிகள் அடைபட்டிருக்கும்.

இந்த மௌனத்துக்குச் சோம்பல் காரணம் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. வீட்டை அடமானம் வைத்தும் நகைகளை விற்றும் அனுப்பிவைத்த பெற்றோரிடம் முதல் பருவத்திலேயே தோல்வியைச் சொல்ல அவர்களுக்கு மனம் வருவதில்லை. கல்லூரியில் சொன்னாலோ, விசா பறிபோய்விடும் என்ற அச்சம். மாணவரின் சேர்க்கை நிலையைக் கல்லூரி குடிவரவுத் துறைக்கு அறிவித்தாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஆலோசகரிடம் பேசும் மனக்கவலையும் குடும்பச் சிக்கலும் அந்த அறிக்கையில் இடம்பெறுவதில்லை.

சொல்வதற்கும் சொல்லாமல் விடுவதற்கும் இடையே சட்டத்திலேயே பெரிய வேறுபாடு இருக்கிறது. நோயினாலோ மன அழுத்தத்தினாலோ படிக்க முடியாமல் போன மாணவர், கல்லூரியின் ஒப்புதலோடு 150 நாட்கள் வரை விடுப்பு எடுத்தால், படிப்பைத் தொடர்பவராகவே கருதப்படுகிறார். அக்காலத்தில் வேலைக்குச் செல்ல மட்டும் அனுமதியில்லை. அதே மாணவர் எவரிடமும் சொல்லாமல் வகுப்புக்குச் செல்வதை நிறுத்திவிட்டால், படிப்பு அனுமதியின் நிபந்தனையை மீறியவராகிவிடுகிறார். கடினமான பாடங்களைத் தாமாகவே கைவிட்டு, இறுதிப் பருவம் அல்லாத ஒரு பருவத்தில் பகுதிநேர மாணவராக மாறுவோர், படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்கான தகுதியையே இழக்க நேரலாம். ஆகவே ஒரு பாடத்தை விடுவதற்கு முன்பு, அறைத்தோழரிடம் கேட்பதோடு நிற்காமல் கல்லூரி அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

படிப்புச் சரிவுக்குப் பின்னால் பெரும்பாலும் பணம்தான் இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல், கல்விக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, தனியாக வரும் மாணவர் முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும். இத்தொகையை உறவினரிடம் கைமாற்றாக வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டு, இங்கே வந்ததும் திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் குடும்பங்களைப் பார்க்கிறேன். இத்தகைய பிள்ளை முதல் மாத வாடகைக்கே வேலை தேடி அலைய வேண்டியதாகிறது. பாடக்காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம் என்பதால், கூடுதல் நேரத்துக்கு ரொக்கமாகக் கூலி தருவதாகச் சொல்பவரிடம் போய்ச் சேர்கிறது. அவர் கூலியைக் குறைத்தாலும், வரம்பு மீறியது வெளிப்படும் என்று புகார் செய்ய அஞ்சுகிறது. கடன் வாங்கிய தொகையை மட்டுமே நம்பி அனுப்புவதைவிட, ஓராண்டு தள்ளிப்போட்டு அனுப்புவது நல்லது என்பதே என் உறுதியான கருத்து.

வாடகை வீட்டைப் பொறுத்தவரை ஒன்றை அறிந்திருங்கள்: ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் கடைசி மாத வாடகையை முன்பணமாகக் கேட்கலாம், சேதாரத்துக்கென்று வைப்புத்தொகை கேட்க முடியாது. எனினும், உரிமையாளரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளும் அறைகளுக்கு இச்சட்டப் பாதுகாப்பு இல்லை.

டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ போன்ற இடங்களில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் இருப்பது வந்த புதிதில் பெரும் ஆறுதல். அந்த ஆறுதலை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அதோடு, வகுப்பில் பிறநாட்டு மாணவர் ஒருவரோடாவது சேர்ந்து படிக்கும் பழக்கம் வேண்டும், ஏனெனில் பேராசிரியர் எதை எதிர்பார்க்கிறார், எதை நகலெடுத்தல் என்று கருதுகிறார் என்பதெல்லாம் அப்படித்தான் விரைவில் புரியும்.

டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். பகலெல்லாம் அடித்தள அறையில் கிடக்கும் பிள்ளைக்கு அந்த இருள் கனமானது. “சாப்பிட்டாயா?” என்று கேட்கும் பெற்றோருக்கு எப்போதும் “ஆம்” என்றே பதில் வரும். எத்தனை பாடங்கள் எடுத்திருக்கிறாய், எத்தனை மணி நேரம் வேலை, யாரோடு சேர்ந்து படிக்கிறாய் என்றும் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் நிலையில், கனடாவில் எங்கிருந்தும், எந்த நேரத்திலும் 988 என்ற எண்ணை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், அதற்குக் கட்டணமில்லை.