டெம்ப்ளேட்: வார்ப்பு இல்லாத இடத்தில் வார்ப்புரு எதற்கு?

காசு போட்டு வீடியோ கேம் ஆடும் பழைய ஆர்கேட் பெட்டிகளில் நின்று ஆடுவது, மேசைபோல் எதிரெதிரே அமர்ந்து ஆடுவது, உள்ளே ஏறி உட்கார்ந்து ஆடுவது என மூன்று வகை உண்டு. மரவேலைக்காரரை அதிகம் படுத்துவது மூன்றாவது வகைதான். 1978-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ஃபயர் டிரக் என்ற விளையாட்டில் முன்னால் இருப்பவர் உட்கார்ந்தும் பின்னால் இருப்பவர் நின்றும் ஓட்ட வேண்டும். 1982-இல் வந்த போல் பொசிஷன் என்ற கார்ப்பந்தய விளையாட்டுக்கு இருக்கை வைத்த பதிப்பும் இருந்தது. இப்படிப்பட்ட இருக்கைகள் ஆடுபவரின் எடை, ஏறி இறங்கும் கால்களின் உதை, தரை துடைக்கும் தண்ணீர் மூன்றையும் ஆண்டுக்கணக்கில் வாங்கியவை. திரை பிழைத்திருக்கும், இருக்கையின் அடிப்பகுதி மட்டும் ஊறி உப்பி உதிர்ந்திருக்கும்.

புதிதாக ஒன்று செய்யலாம் என்று உட்கார்ந்ததுமே வந்து நிற்கும் சொல் டெம்ப்ளேட், அதாவது வெட்ட வேண்டிய வடிவத்தைக் காட்டும் பலகை. தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை 'வார்ப்புரு' என்று மாற்றிவிடுகிறார்கள். மரவேலையில் அந்தச் சொல் பொருந்தாது.

வார்ப்பது என்றால் ஊற்றுவது. உருகிய உலோகத்தை ஊற்றி இறுகவிட்டு எடுப்பது வார்ப்படம். ஆகவே வார்ப்புரு என்ற சொல்லுக்குள் ஓர் உட்குழிவும் அதை நிரப்பும் ஒரு பொருளும் இருக்கின்றன. கணினியில் இது அழகாகப் பொருந்துகிறது: தயாராக இருக்கும் சட்டகத்துக்குள் எழுத்தை ஊற்றுகிறோம். தமிழ் விக்கிப்பீடியாவும் டெம்ப்ளேட் பக்கங்களை வார்ப்புரு என்றே அழைக்கிறது. அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருக்கையின் பக்கப்பலகையை நகலெடுக்கும்போது எதையும் ஊற்றுவதில்லை. ரூட்டர் என்பது சுழலும் பிட்டால் மரத்தை வெட்டும் கைக்கருவி; ஒரு பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பிட்டில் மாட்டியிருக்கும் பேரிங் என்ற சிறு வளையம் உருள்கிறது. அது போன வழியே கீழே இருக்கும் மரம் அறுபடுகிறது. இங்கே முக்கியமானது விளிம்பு. குழிவுக்குள் ஃபைபர்கிளாஸைப் படியவைத்துச் செய்யும் இருக்கைக்கு வேண்டுமானால் வார்ப்புரு என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் சுவையானது. இன்றைய எழுத்தைப் பார்த்தால் கடைசியில் 'ப்ளேட்', அதாவது தகடு, இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் தகட்டுக்கும் இதற்கும் உறவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் இது 'டெம்ப்ளெட்'. உத்தரத்தின் பாரத்தைச் சுவரில் பரவவிட அதன் அடியில் கிடத்தும் கட்டைக்கு அப்போது அந்தப் பெயர். பிரெஞ்சு மொழியில், தறியில் நெய்யும் துணி அகலம் சுருங்காதபடி இரு கரைகளையும் இழுத்துப் பிடிக்கும் குச்சிக்கு 'டெம்ப்ள்' என்று பெயர். டெம்ப்ளெட் அதன் சிறு வடிவமாக இருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் கருத்து. லத்தீனில் 'டெம்ப்ளும்' கோயிலை மட்டும் குறிக்கவில்லை, கூரையில் குறுக்கே போகும் மரத்தையும் குறித்தது. வெட்டுவதற்கு அளவுகாட்டும் பலகை என்ற பொருள் பின்னால் வந்தது. தகட்டிலும் டெம்ப்ளெட் செய்கிறார்களே என்று யாரோ வாலைத் திருத்த, 'ப்ளெட்' 'ப்ளேட்' ஆகிவிட்டது. நகலெடுக்கும் கருவியின் பெயரே நகலெடுப்பில் பிசகிய கதை இது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பழைய தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் 'கட்டளை'. அளவு, அச்சு, ஒழுங்கு எல்லாம் அதன் பொருள்கள். பொன்னின் மாற்றை உரைத்துப் பார்ப்பது கட்டளைக்கல். ஒற்றெழுத்து நீங்கலாக, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 என்று எண்ணி அமைப்பது கட்டளைக் கலித்துறை. அதுவும் ஒருவகை டெம்ப்ளேட்தான். ஆனால் இன்று கட்டளை என்றாலே உத்தரவு. ஆர்கேட் பெட்டியைப் பற்றிப் பேசும்போது 'கட்டளைப் பலகை' என்று எழுதினால், பொத்தான்களும் ஸ்டிக்கும் இருக்கும் பலகை என்றுதான் படிப்பவர் நினைப்பார். நல்ல சொல், இந்த இடத்தில் பயன்படாது.

'அச்சு' பேச்சில் ஓடும். 'அச்சு அசலாக' என்ற வழக்கு நகலின் துல்லியத்தையே சொல்கிறது. ஆனால் அச்சுக்கு அச்சாணி, அச்சகம் என்று வேலைகள் ஏராளம். போதாக்குறைக்கு, மெல்லிய மர ஏடுகளைப் பசையிட்டு வளைத்து அழுத்தி முதுகுச்சாய்வு செய்யும் குழிந்த கட்டைக்கும் அச்சு என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே இருக்கையில் இரண்டும் தேவைப்படும்போது குழப்பம் வரும். 'மாதிரிப்பலகை' என்றால் கடையில் காட்டும் சாம்பிள் துண்டு. 'படிப்பலகை' கால் வைத்து ஏறுவது.

எனவே 'வடிவப்பலகை' என்பதே எங்கள் தேர்வு. விளிம்பின் வடிவத்தைக் கொடுக்கும் பலகை. விளக்கம் கேட்காமலே புரியும். அதிலிருந்து அரை வடிவப்பலகை, உள்வடிவப்பலகை என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. வேலையில் தேய்வதற்கு ஒன்று, பாதுகாத்து வைப்பதற்கு ஒன்று என இரண்டு செய்வது வழக்கம். பாதுகாப்பதற்குத் தாய்ப்பத்திரம் போலத் 'தாய்ப்பலகை' என்று பெயரிடத் தோன்றும். ஆனால் மதர்போர்டுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது, அதே பெட்டிக்குள் அதுவும் உட்கார்ந்திருக்கிறது. 'மூலப்பலகை' என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனி, பழைய இருக்கையிலிருந்து வடிவப்பலகை எடுக்கும் வேலை.

முதலில் ரெக்சின், ஃபோம், ஸ்டேப்பிள் பின்கள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். விளிம்பில் செருகியிருக்கும் டி-மோல்டிங்கை (T வடிவ பிளாஸ்டிக் விளிம்புப்பட்டையை) வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அதன் நடுத்தண்டில் இருக்கும் பற்கள் பார்ட்டிகிள் போர்டை (மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகையை) பிடித்துக்கொண்டு, பட்டை செருகும் பள்ளமான காடியின் உதட்டையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். முனையிலிருந்து சிறிது சிறிதாக, பலகைக்கு நேர்க்கோட்டில் வெளியே இழுக்க வேண்டும்.

பிறகு எந்தப் பகுதியை நம்புவது என்று பார்க்க வேண்டும். ஊறிய பார்ட்டிகிள் போர்டு தடிமனில்தான் அதிகம் உப்பும், 19 மி.மீ. பலகை அடியில் 22, 23 மி.மீ. வரை போயிருக்கும். நீள அகலத்தில் மாற்றம் குறைவு, ஆனால் மூலைகள் உதிர்ந்து வட்டமாகிவிடும். ஆகவே தடிமனை ஈரம் படாத மேல்பகுதியில் அளக்க வேண்டும். உதிர்ந்த மூலைகளுக்கு, இரண்டு பக்கமும் நல்ல நிலையில் இருக்கும் விளிம்புகளில் நேர்கோல் வைத்து நீட்டி, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தைக் குறிக்கலாம். மூல விளிம்பையே பேரிங் ஓடும் தடமாகப் பயன்படுத்துவதென்றால், பள்ளங்களில் பாடி ஃபில்லர் வைத்துப் பட்டி பார்த்து, உப்புத்தாளில் சமன் செய்துவிட்டுத்தான் ரூட்டரைத் தொட வேண்டும். டி-மோல்டிங் காடி வெறும் 1.6 மி.மீ. அகலம், பேரிங் அதைத் தாண்டிவிடும். ஆனால் உடைந்த உதட்டில் விழுந்தால் அந்தப் பள்ளம் அப்படியே நகலில் வரும்.

மூலம் ரூட்டருக்குத் தாங்காத அளவு நொறுங்கியிருந்தால் வரைந்துதான் எடுக்க வேண்டும். பென்சில் வேண்டாம், கத்திமுனையால் கீறுவது நல்லது. பென்சில் கோடு அரை மில்லிமீட்டராவது வெளியே தள்ளிவிடும். சாதாரணக் காகிதம் ஈரப்பதத்துக்கு நீளும், சுருங்கும். பாலியெஸ்டர் வரைதாள் அசையாது. வரைபடத்தை அச்சிட்டு ஒட்டுகிறவர்கள் ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு அளந்து பார்க்க வேண்டும். 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற அமைப்பு சத்தமில்லாமல் எல்லாவற்றையும் சில விழுக்காடு சுருக்கியிருக்கும்.

இருக்கை இடவலம் ஒத்திருந்தால், நன்றாக இருக்கும் பாதியை மட்டும் எடுத்து அரை வடிவப்பலகை செய்து, மையக்கோட்டில் புரட்டிப் போடலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது: வெளிவிளிம்பு ஒத்திருந்தாலும் போல்ட் துளைகள் ஒத்திருக்கும் என்ற உறுதி இல்லை. முன்பின் நகரும் தண்டவாளம், கம்பிகள் போகும் துளை, ஸ்பீக்கர் வாய் ஆகியவற்றை இருபுறமும் தனித்தனியே அளக்க வேண்டும். துளை மையங்களை வடிவப்பலகையில் 3 மி.மீ. துளைகளாகவே போட்டுவிட்டால் ஒவ்வொரு நகலிலும் மறுபடி அளக்கும் வேலை இல்லை. அதே துளைகளின் வழியே திருகு போட்டு வடிவப்பலகையை மரத்தோடு இறுக்கலாம். எப்படியும் அங்கே போல்ட் வரத்தானே போகிறது. இரட்டைப்பக்க டேப்பும் பிடிக்கும், ஆனால் அதன் பசை பேரிங்கில் ஒட்டிச் சுற்றவிடாமல் செய்யும். சுற்றாத பேரிங் விளிம்பைக் கருக்கிவிடும்.

வடிவப்பலகைக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வசதி: இழையோட்டம் இல்லை, உப்புத்தாளுக்கு ஒரே சீராகத் தேயும். 6 மி.மீ. கெட்டி போதும் என்பார்கள். பேரிங் நழுவாமல் இருக்க 12 மி.மீ.தான் நிம்மதி. விளிம்பு மென்மையாக இருப்பதால் பேரிங் அழுத்தி அழுத்திப் பள்ளம் விழும். மெல்லிய சூப்பர் குளூவை விளிம்பில் ஊறவிட்டு, காய்ந்ததும் லேசாகத் தேய்த்தால் இறுகிவிடும். விரலைத் தடவிப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத மேடு தட்டுப்பட்டால், அது எல்லா நகலிலும் தெரியும் மேடாகவே வரும்.

பிட் வாங்கும்போது இரண்டு வகை. பேரிங் நுனியில் இருந்தால் வடிவப்பலகை மரத்துக்கு அடியில் இருக்க வேண்டும். பேரிங், ரூட்டரில் மாட்டும் தண்டுப்பக்கம் இருந்தால் மேலே. தண்டுப் பேரிங் வகையோடு மெல்லிய வடிவப்பலகை சேர்ந்தால், பேரிங் அதைத் தொடுவதற்கு பிட்டின் வெட்டும் பகுதி முழுவதையும் முதல் சுற்றிலேயே மரத்துக்குள் இறக்க வேண்டியிருக்கும். பிளைவுட் சிராய்ப்பதற்கு இது ஒரு காரணம். 12 மி.மீ. பலகையும் குட்டையான பிட்டும் இருந்தால் முதல் சுற்று ஆழமில்லாமல் போகலாம். அடுத்த சுற்றில் ஏற்கெனவே வெட்டிய மரமே பேரிங்குக்குத் தடம்.

ஜிக்சாவால் முதலில் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு அறுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் விட்டால் வளைவுகளில், பிட் இழையை எதிர்க்கும் இடத்தில், சில்லு பறக்கும். கைரூட்டரை வெளிவிளிம்பில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலும், உள்துளைகளில் கடிகாரத் திசையிலும் ஓட்ட வேண்டும். மாற்றி ஓட்டினால் பிட் மரத்தில் ஏறி ஓடப் பார்க்கும். 12.7 மி.மீ. விட்டமுள்ள பிட் உள்மூலைகளில் 6.35 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வெட்டாது. கூர்மூலை வேண்டிய இடத்தில் உளிதான்.

பேரிங்குக்குப் பதில் ரூட்டரின் அடியில் வழிகாட்டி வளையம் மாட்டினால் வடிவப்பலகையின் அளவே மாறும். வளையத்தின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் வருவது இடைவெளி. 30 மி.மீ. வளையம், 12 மி.மீ. பிட் என்றால் 9 மி.மீ.; வெளிவிளிம்புக்கான பலகையைச் சுற்றிலும் அந்த அளவு சிறிதாக்க வேண்டும். இதை மறந்து செய்த இருக்கை பெட்டிக்குள் நுழையாது.

தடிமன் இன்னொரு சங்கடம். பல அமெரிக்கப் பெட்டிகள் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. பலகையை வைத்து வடிவமைக்கப்பட்டவை. இன்று கிடைக்கும் பிளைவுட் பெரும்பாலும் 18. முக்கால் அங்குல டி-மோல்டிங் இருபுறமும் அரை மில்லிமீட்டர் துருத்தும். காடி சரியாக நடுவில் இருந்தால் கூரிய பிளேடால் சீவிவிடலாம். நடு தப்பியிருந்தால் ஒருபக்கம் மட்டும் துருத்தி, உட்காருபவரின் தொடையை அறுக்கும். வெளிவடிவம் முழுதாக முடிந்த பிறகே காடி போட வேண்டும்.

ரெக்சின் போர்த்தும் இருக்கைப்பலகையை மூலத்தின் அளவிலேயே வெட்ட வேண்டும். சட்டத்தின் உள்ளளவை அளந்து வெட்டுகிறவர்கள் ரெக்சினின் மடிப்புக்காகச் சுற்றிலும் 2 முதல் 3 மி.மீ. குறைக்க வேண்டும். போல்ட்டைப் பிடிக்க மரத்துக்குள் அடித்துப் பதிக்கும் டி-நட்டு கால் அங்குலம் என்றால் 8 மி.மீ. துளை, 5/16 அங்குல டி-நட்டுக்கு 9.5 மி.மீ.; அவற்றை எந்த முகத்திலிருந்து அடிப்பது என்பதை வடிவப்பலகையிலேயே எழுதிவிட வேண்டும். இடப்பலகையும் வலப்பலகையும் ஒரே வெளிவடிவம் என்பதால், டி-நட்டும் தாங்குகட்டைகளும் தவறான முகத்தில் ஏறி இரண்டு இடப்பலகைகள் தயாராவது அடிக்கடி நடக்கும்.

வடிவப்பலகை சொல்லாத ஒன்று சாய்வு. இருக்கையும் முதுகும் சேரும் விளிம்பு பெரும்பாலும் செங்கோணமாக இராது. அந்தக் கோணத்தைச் சாய்வுமட்டத்தில் எடுத்து, கோடாகவே பலகையின் மேல் கீறி வைக்க வேண்டும். கூடவே பெட்டியின் பெயர், 'மேல்', 'முன்', 'இடது முகம்', மூலத் தடிமன், பயன்படுத்திய பிட்டின் விட்டம். அடுத்த வடிவப்பலகை தேவைப்பட்டால் மூலப்பலகையிலிருந்துதான் எடுக்க வேண்டும். வேலையில் தேய்ந்ததிலிருந்து எடுத்தால் டெம்ப்ளெட் டெம்ப்ளேட் ஆன கதைதான். மூலப்பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்கையாக வைக்க வேண்டும், சாய்த்த எம்.டி.எஃப். சில மாதங்களில் வில்லாக வளைந்துவிடும்.