விதூர்ல் வறண்டு கிடக்கிறது என்று நம்பி இறங்காதீர்கள்

இந்த இலையுதிர் காலத்திலும் அதே கதைதான். தெற்குப் பிரான்சின் கார் மாவட்டத்தில், விதூர்ல் ஆற்றின் தரைப்பாலம் ஒன்றின்மேல் வெள்ளம் புரண்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவர் காரை இறக்கியிருக்கிறார். கார் பாலத்துக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தது. அவரோ ஒரு மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, தீயணைப்புப் படையினர் வரும்வரை தாக்குப்பிடித்து உயிர் தப்பினார். "காலையில் இங்கே சொட்டுத் தண்ணீர் இல்லை, மழையும் பெய்யவில்லை" என்றுதான் அவரும் சொன்னாராம். ஆறுகளின் நீரோட்டத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்ட நான் இந்த இரண்டு வாக்கியங்களையும் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டேன். இரண்டுமே உண்மைதான். ஆனால் விதூர்லைப் பொறுத்தவரை, வெள்ளம் வராது என்பதற்கு இவற்றில் எதுவுமே அத்தாட்சி ஆகாது.

விதூர்ல் பெரிய ஆறன்று. செவென் மலைத்தொடரின் தெற்குச் சரிவில் சுமார் 500 மீட்டர் உயரத்தில் பிறந்து, செந்த் இப்பொலித், சோவ், கிசாக், சொமியேர் ஆகிய ஊர்களைக் கடந்து, மத்தியதரைக் கடலோரத்தில் லா கிராந்த் மோத் அருகே போனான் காயலில் கலக்கிறது. நீளம் ஏறத்தாழ 95 கிலோமீட்டர். நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 800 சதுர கிலோமீட்டர். கோடையில் பல இடங்களில் கூழாங்கல் படுகையில் செருப்புக் காலுடன் நடந்தே அக்கரை சேரலாம். செந்த் இப்பொலித்துக்குக் கீழே ஆறு சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளுக்குள் இறங்கிக் கண்ணிலிருந்தே மறைந்துவிடும்; சோவ் ஊரில் பாறையடியிலிருந்து ஊற்றாக மறுபடி வெளிவரும். இடைப்பட்ட படுகை மாதக்கணக்கில் வறண்டு கிடக்கிறது என்றால், நீர் பூமிக்கடியில் ஓடுகிறது என்றுதான் பொருள். ஆறு ஓய்ந்துவிட்டது என்று பொருளன்று. பாறைப் பிளவுகள் உள்வாங்கக்கூடிய அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. கனமழையில் அந்த எல்லை தாண்டியதும் மேலிருந்து வரும் நீர் முழுவதும் படுகையின் மேலாகவே பாய்கிறது. நீங்கள் காலையில் பார்த்த அதே படுகைதான் அது.

"இங்கே மழை இல்லையே" என்ற வாதத்தைச் சற்று விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் அனுபவத்தில் மனிதர்களை அதிகமாக ஏமாற்றுவது இதுதான். சொமியேரில் ஓடும் நீரைத் தீர்மானிப்பது சொமியேரின் வானமன்று. இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று வடக்கே வந்து செவென் மலையில் முட்டி மேலெழுகிறது. அங்கேயே நின்றுகொண்டு ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் கொட்டித் தீர்க்கிறது. மலையடியில் சரிவு செங்குத்து, பாறைமேல் மண்ணின் ஆழம் குறைவு. ஆகவே பெய்த நீர் சில மணி நேரத்திலேயே கீழ்ப்பகுதியை எட்டிவிடும். அப்போது சொமியேரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம், நீங்கள் ஆற்றங்கரையில் மதிய உணவுக்கு உட்கார்ந்திருக்கலாம். இப்படித் திடீரென எழும் வெள்ளத்தை ஊர்க்காரர்கள் 'விதூர்லாத்' என்பார்கள். ஆற்றின் பெயரிலேயே வெள்ளத்தையும் அழைக்கும் அளவுக்கு அவர்களுக்கு அது பழகிப்போன ஒன்று. வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

2002 செப்டம்பர் 8, 9 தேதிகளில் நடந்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பக்கத்து ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலுள்ள ஆந்துஸ் ஊரில் 24 மணி நேரத்தில் 687 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. பாரிஸில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். முதல் சுற்று மழை மண்ணை நிறைத்துவிட்டது. இரண்டாவது சுற்றில் பெய்தது அநேகமாக அப்படியே ஆற்றுக்கு வந்தது. சொமியேரில் உச்ச வெள்ளம் விநாடிக்குச் சுமார் 2,500 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 88,000 கன அடி. பாரிஸ் மக்கள் இன்றும் பேசும் 1910ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் சேன் நதியில் ஓடியது சுமார் 2,400 கன மீட்டர்தான். அந்த நீரைத் திரட்ட சேனுக்கு 40,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலம் வேண்டியிருந்தது. விதூர்லுக்கு அதில் ஒரு சிறு பங்கே போதுமானதாக இருந்தது. (இத்தகைய உச்ச நேரத்தில் ஆற்றில் கருவியை இறக்கி அளக்க யாராலும் முடியாது, வெள்ளம் வடிந்தபின் சுவர்களிலும் மரங்களிலும் பதிந்த நீர்த்தடங்களை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கிடுகிறோம்.) அந்த இரு நாள்களில் அந்த வட்டாரத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். "சின்ன ஆறுதானே" என்று இனியும் யாரேனும் சொன்னால் தயவுசெய்து இந்த எண்களை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

சொமியேரின் அமைப்பையும் புரிந்துகொள்ள வேண்டும். ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்தில் கட்டிய பாலத்தின் வளைவுகள் பலவற்றை இன்று ஆற்றில் காண முடியாது; அவை ஊரின் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் அடியில் இருக்கின்றன. ஆற்றின் இடத்துக்குள்ளேயே ஊர் வளர்ந்துவிட்டது என்பதே இதன் பொருள். ரோமப் பொறியாளர்கள் ஆற்றுக்கு எவ்வளவு அகலம் விட்டார்கள் என்பதைக் கவனித்தாலே வெள்ளத்தின் அளவு விளங்கும். பழைய வீடுகளில் குடியிருப்பு மேல்தளத்தில்தான். பல சுவர்களில் ஆள் உயரத்துக்கும் மேலே, முந்தைய வெள்ளங்களின் ஆண்டும் மட்டமும் பொறித்த குறிகள் இருக்கின்றன. அவற்றின் முன் நின்று புகைப்படம் எடுப்பவர்கள், தாங்கள் கார் நிறுத்திய இடம் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்றும் பார்க்கலாமே.

"அணையைத் திறந்துவிட்டார்கள், அதனால்தான் வெள்ளம்" என்ற வதந்தியும் ஒவ்வொரு முறையும் கிளம்புகிறது. 1968 முதல் 1982 வரையான காலத்தில் விதூர்லின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மூன்று அணைகள் கட்டப்பட்டன. அவற்றின் வேலை வெள்ளத்தின் உச்சத்தைத் தணிப்பது. நடுத்தர வெள்ளங்களில் அவை ஊர்களைக் காக்கின்றன; 2002 போன்ற வெள்ளத்தை முழுவதுமாகத் தடுக்க அவற்றால் இயலாது. அணைகளுக்குக் கீழே ஆற்றில் சேரும் ஓடைகளையோ அவை தொடுவதே இல்லை.

கடலோரச் சமவெளியில் ஆபத்து வேறு வகையானது. மார்சியார்க் பகுதியில் ஆறு இருபுறமும் எழுப்பிய கரைகளுக்கிடையே, சுற்றியுள்ள வயல்களைவிட உயரத்தில் ஓடுகிறது. கரை உடைந்தால் வெளியேறும் நீர் ஆற்றுக்குத் தானாகத் திரும்பாது. தாழ்ந்த நிலத்தில் நாள்கணக்கில் தேங்கும். தெற்குக் காற்று கடல்மட்டத்தை உயர்த்தியிருக்கும் நாள்களில் வடிவது இன்னும் தாமதமாகும். 2002இல் இந்தக் கரைகள் உடைந்தன. ஆகவே கரையோர வீட்டில் இருப்பவர், கரை உயரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் எச்சரிக்கையைப் புறக்கணிக்கக் கூடாது.

தடுப்பு வைத்த தரைப்பாலத்தில் இறங்காதீர்கள். தடுப்பு இல்லாவிட்டாலும், சாலையின் மேல் நீர் ஓடினால் இறங்காதீர்கள். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே காரை இழுத்துச் சென்றுவிடும். கலங்கிய நீருக்கடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தரைத்தளத்துக்குக் கீழுள்ள அறையிலிருந்து எதையும் எடுக்க இறங்காதீர்கள். பயணத்துக்கு முன் பிரான்சின் வானிலைத் துறையான மெத்தெயோ பிரான்சின் வண்ண எச்சரிக்கையையும், ஆறுகளின் வெள்ள எச்சரிக்கைக்கான விஜிக்ரூ இணையதளத்தையும் பாருங்கள். ஆரஞ்சு நிறம் என்றாலே ஆற்றோரத் திட்டங்களைக் கைவிடுங்கள். ஆற்றோர முகாம்களில் கூடாரம் அடிப்பவர்கள், இருட்டிலும் மேட்டுக்கு ஏறும் வழி எது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வெள்ள எச்சரிக்கை வந்ததும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். உங்கள் பதைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பள்ளிகளில் இதற்கென்றே பாதுகாப்புத் திட்டம் உண்டு. ஆசிரியர்கள் பிள்ளைகளை அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் ஆபத்தான இடம் நீங்கள் கடக்கப்போகும் சாலைதான். புதிதாகக் குடிவந்தவர்கள் இந்த வாரமே நகராட்சி அலுவலகத்துக்குச் சென்று, தொலைபேசி எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டு உங்கள் எண்ணைச் சேருங்கள். அப்படியே, நீங்கள் குடியிருக்கும் தெருவில் 2002இல் நீர் எதுவரை ஏறியது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.