நாலாவது தொட்டி எதற்கு? புதிய குப்பை விதிகள் சொல்வது என்ன

பச்சைத் தொட்டியில் மக்கும் குப்பை, நீலத் தொட்டியில் மக்காத குப்பை. பத்து வருடமாக நமக்குச் சொல்லித்தந்த பாடம் இவ்வளவுதான். இனி அது போதாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இன் கீழ் மத்திய அரசு அறிவித்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026, ஏப்ரல் 1, 2026 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. 2016-ஆம் ஆண்டு விதிகளின் இடத்தை இவை எடுத்துக்கொண்டன. புதிய விதிப்படி வீட்டுக் குப்பையை நாலாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: ஈரக் குப்பை, உலர் குப்பை, சானிட்டரி கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு.

முதல் இரண்டும் பழகியவைதான். காய்கறித் தோல், மீந்த சோறு, மீன் செதில், வாடிய பூ எல்லாம் ஈரக் குப்பை. அது உரமாகவோ சாண எரிவாயு போன்ற வாயுவாகவோ மாற வேண்டும். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம், மரம், ரப்பர் ஆகியவை உலர் குப்பை. இவை தரம்பிரிக்கும் மையத்துக்குப் போய் அங்கிருந்து மறுசுழற்சிக்குப் போகும்.

மூன்றாவது வகையில்தான் பெரிய மாற்றம். டயப்பர், நாப்கின், ஆணுறை போன்றவற்றைப் பொட்டலமாகச் சுற்றி உலர் குப்பைத் தொட்டியிலேயே போடலாம் என்று 2016 விதிகள் சொல்லியிருந்தன. விளைவை யோசித்துப் பாருங்கள். உலர் குப்பையைக் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். பால் கவரையும் அட்டைப்பெட்டியையும் எடுக்க நீட்டிய கையில் அந்தப் பொட்டலம் பிரிந்து ஒட்டும். அதைத் தவிர்க்கத்தான் இப்போது தனி வழி. நன்றாகச் சுற்றி, தனியாக வைத்து, தனியாகவே கொடுக்க வேண்டும். கறுப்புப் பையில் கட்டி மற்றதோடு சேர்த்துப் போட்டால் வேலைக்காகாது. என்னைக் கேட்டால், இந்த விதிகளில் வேறு எதுவும் நடக்காமல் இது ஒன்று நடந்தாலே பெரிய காரியம்.

நாலாவது வகையில் பெயிண்ட் டப்பா, பல்பு, பாதரசம் உள்ள தெர்மாமீட்டர், காலாவதியான மருந்து ஆகியவை வரும். அளவில் மிகக் குறைவு. ஆனால் ஒரு தெர்மாமீட்டர் உடைந்து உரக்குழியில் விழுந்தால் அந்த உரம் வயலுக்கு உதவாது. இவற்றை அங்கீகாரம் பெற்ற அமைப்பு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது நாமே குறிப்பிட்ட சேகரிப்பு மையத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் பகுதியில் அந்த மையம் எங்கே என்று வார்டு அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். தெரியும்வரை ஒரு பழைய டப்பாவில் சேர்த்து வைத்தால் போதும். தினமும் வெளியே போகிற குப்பை இல்லை இது.

சரி, ஏன் இத்தனை கெடுபிடி? பிரச்சினையின் வேர் கலப்பதில் இருக்கிறது. தனியாக இருந்தால் காய்கறித் தோல் சில வாரங்களில் உரம்; அட்டைப்பெட்டி காசு. இரண்டும் ஒரே பையில் ஓர் இரவு கிடந்தால் அட்டை ஊறிப்போய் யாருக்கும் வேண்டாததாகிவிடும், தோலோடு பிளாஸ்டிக் துணுக்கு சேர்ந்து உரமும் கெடும். இரண்டுக்கும் பிறகு ஒரே இடம்தான், குப்பைக் கிடங்கு. அங்கே காற்றுப் புகாத அடுக்குகளில் ஈரக் குப்பை அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. கோடையில் கிடங்குகள் நாள்கணக்கில் எரிவதற்கும் அதுவே முக்கியக் காரணம். மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். மழை பெய்தால் வேறொரு தொல்லை: குப்பை வழியாக வடிந்து இறங்கும் கறுப்பு நீர், அம்மோனியாவையும் கன உலோகங்களையும் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரில் கலக்கிறது. சென்னைப் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியே வளர்ந்தது என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும். தெருவோரம் கூட்டி எரித்துவிடலாம் என்றால் அதுவும் தடை. பிளாஸ்டிக் கலந்த குப்பையை அப்படி எரித்தால் டயாக்சின் போன்ற நச்சுகள் புகையோடு வரும்.

அடுக்ககங்களில் இருப்பவர்களும், விடுதி, மருத்துவமனை, கல்லூரி நடத்துபவர்களும் அடுத்த பகுதியைக் கவனமாகப் படியுங்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல், தண்ணீர்ப் பயன்பாடு நாளுக்கு 40,000 லிட்டர் அல்லது அதற்கு மேல், குப்பை நாளுக்கு 100 கிலோ அல்லது அதற்கு மேல் — மூன்றில் ஒன்று பொருந்தினாலும் நீங்கள் ‘பெருமளவு கழிவு உருவாக்குவோர்’. 2016 விதிகளில் 100 கிலோ கணக்கு மட்டுமே இருந்தது. யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை என்பதால் தப்பிப்பது சுலபமாக இருந்தது. தண்ணீர்க் கணக்கும் பரப்பளவும் ஏற்கெனவே காகிதத்தில் இருப்பவை, மறைக்க முடியாது. இந்தப் பட்டியலில் வருபவர்கள் மத்திய இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஈரக் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும். இடமே இல்லை என்றால், அந்தப் பொறுப்பை வேறு வழியில் ஈடுகட்டியதற்கான சான்றிதழ் பெற வேண்டும். நாட்டின் மொத்தத் திடக்கழிவில் ஏறத்தாழ 30 சதவீதம் இத்தகையவர்களிடமிருந்தே வருவதாக அரசு சொல்கிறது.

இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘நாங்க பிரிச்சுக் குடுக்குறோம், வண்டிக்காரர் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்குறாரே?’ நியாயமான கேள்வி. பல ஊர்களில் மக்கள் பிரிப்பதைக் கைவிட்டதே இதைப் பார்த்துத்தான். புதிய விதிகளில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது, அது உள்ளாட்சியின் பணப்பையைக் குறிவைக்கிறது. பிரிக்காத குப்பையைக் கிடங்குக்கு அனுப்பினால் உள்ளாட்சி அதிகக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணம், குப்பையைப் பிரித்து, ஏற்றிச்சென்று, பதப்படுத்த ஆகும் செலவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. இனி மறுசுழற்சி செய்யவோ எரிசக்தியாக மாற்றவோ முடியாத மிச்சமும், மக்காத கல், மண் போன்றவையும் மட்டுமே கிடங்குக்குப் போகலாம். கிடங்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்வது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை, மேற்பார்வை மாவட்ட ஆட்சியருடையது. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. வசூலிப்பதும் அரசு, கட்டுவதும் அரசு என்னும்போது எவ்வளவு கறாராக நடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பதிவு செய்யாமல் இயங்குவது, பொய்க் கணக்குக் கொடுப்பது, போலி ஆவணம் காட்டுவது ஆகியவற்றுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்கப்படும். சாதாரண வீட்டுக்கான அபராதமும் மாதக் கட்டணமும் அந்தந்த உள்ளாட்சியின் துணை விதிகளைப் பொறுத்தவை, ஊருக்கு ஊர் மாறும்.

பழைய குப்பை மலைகளை என்ன செய்வது? அவற்றைக் கணக்கெடுத்து, காலவரம்பு வைத்து ‘பயோ மைனிங்’ முறையில் அகழ்ந்து பிரிக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். தோண்டும் குப்பையைச் சலித்தால் மண்போன்ற பொடி ஒரு பக்கம், கல்லும் கண்ணாடியும் ஒரு பக்கம், மக்கிப் போகாத துணியும் பிளாஸ்டிக்கும் ஒரு பக்கம் வரும். கடைசியாகச் சொன்னது எரிபொருளாகச் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. திட எரிபொருள் பயன்படுத்தும் இத்தகைய ஆலைகள், தற்போதைய 5 சதவீதத்திலிருந்து ஆறு ஆண்டுகளில் 15 சதவீதம் வரை இப்படிக் குப்பையிலிருந்து செய்த எரிபொருளைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் இதே விதிகளில் உள்ளது. பொடியாக வரும் மண்ணைப் பார்த்து உரம் என்று ஏமாந்துவிட வேண்டாம். பல வருடம் பாட்டரியோடும் பல்போடும் கலந்து கிடந்தது அது, சோதிக்காமல் தோட்டத்தில் போடக் கூடாது.