கன்வர்ட்டரில் போட்டால் விபி6 டாட்நெட் ஆகிவிடாது

போன வாரமும் ஒருவர் வந்தார். ஜவுளி மொத்த வியாபாரம். கையில் ஒரு பென்டிரைவ், அதில் ஒரு இஎக்ஸ்இ (ஓடுகிற புரோகிராம்), ஒரு எம்டிபி கோப்பு (அக்சஸ் டேட்டாபேஸ்), அவ்வளவுதான். 2001-ல் விபி6-ல், அதாவது மைக்ரோசாஃப்டின் பழைய விஷுவல் பேசிக் 6 மொழியில் எழுதின பில்லிங் புரோகிராம், எழுதினவர் வெளிநாடு போய்விட்டார், சோர்ஸ் கோடு (அவர் எழுதின மூல வரிகள்) இருந்த கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டாயிற்று. இவர் கேட்டது மைக்ரோசாஃப்டின் அடுத்த தலைமுறையான டாட்நெட். "டாட்நெட்டுக்கு மாத்திக் குடுங்க தம்பி, கன்வர்ட்டர் இருக்காமே, ரெண்டு நாள் ஆகுமா?" இந்த வருடத்தில் இவர் நான்காவது ஆள்.

சோர்ஸ் கோடு இல்லாமல் எதை ஐயா மாற்றுவது?

சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்ட் விஷுவல் ஸ்டுடியோவோடு ஒரு அப்கிரேட் விசார்ட், அதாவது கன்வர்ட்டர், கொடுத்தது உண்மைதான், 2010 பதிப்பில் அவர்களே அதைத் தூக்கிவிட்டார்கள். கன்வர்ட்டர் மாற்றுவது கோடின் வரிகளை, அதிலுள்ள கணக்கை இல்லை. முழு எண் வகையான இன்டிஜர் 16 பிட்டிலிருந்து 32 ஆனது, எதையும் வைக்கிற வேரியன்ட் வகை போய் ஆப்ஜெக்ட் வந்தது, இதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் விபி6-ன் ரவுண்ட் (முழு எண்ணாக்கும் கட்டளை) 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும், அதாவது பாதியில் நின்றால் இரட்டைப்படை எண் பக்கம் சாயும். அதே கணக்கை எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸுக்குள் தள்ளினால் அங்கே 2.5 என்பது 3. பில்லில் பைசா இடிக்கும், மாதக் கடைசியில் பழி என் தலையில். 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' (தப்பு வந்தால் அடுத்த வரிக்குப் போ) என்று வரிக்கு வரி போட்டுத் தப்பையெல்லாம் விழுங்கின புரோகிராமாக இருந்தால், கன்வர்ட்டர் அதையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

அப்புறம் தமிழ். விபி6-ன் சாதாரண டெக்ஸ்ட்பாக்ஸுக்கு யூனிகோட் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தெரியாது, அதனால் வாடிக்கையாளர் பெயரெல்லாம் பாமினி, டாப் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது புரியாத எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றித் தருவேன், ஆனால் ஒவ்வொரு பெயரையும் ஒரு மனிதக் கண் பார்த்தே ஆகவேண்டும்.

பதறவும் வேண்டாம். விபி6-ல் எழுதும் மென்பொருளுக்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2008 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது என்றாலும் அதன் ரன்டைம் (புரோகிராமை ஓட்டும் பகுதி) விண்டோஸ் 11-லும் ஓடுகிறது. கடையில் வாங்கிப் போட்ட ஓசிஎக்ஸ்களுக்குத்தான் (புரோகிராமில் சேர்க்கும் வெளியார் துணைப் பாகங்கள்) யாரும் பொறுப்பில்லை.

இன்றைக்கே சோர்ஸ் கோடு எங்கே என்று தேடுங்கள். எம்டிபியை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள், அதே மெஷினில் இன்னொரு ஃபோல்டரில் போட்டுவிட்டு பேக்கப் என்று சொல்லாதீர்கள். புதியது வந்ததும் பழையதை அழிக்காமல் ஒரு மாதமாவது இரண்டிலும் பில் போட்டு, தினமும் ராத்திரி மொத்தத்தை ஒப்பிடுங்கள். இரட்டை வேலைதான், செய்யுங்கள்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். எந்தப் பார்ட்டிக்கு எத்தனை நாள் கடன், எதற்குத் தள்ளுபடி என்றெல்லாம் உங்கள் கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும். அவர் வேலையை விட்டுப் போவதற்குள் என்னோடு இரண்டு நாள் உட்காரச் சொல்லுங்கள்.