வளைவில் ஆக்சிலரேட்டரை விடுமுன்: சிலிண்டர் அமைப்பும் காரின் போக்கும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆலோசனை கேட்டு வருபவர்கள் எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைத்திறன் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அந்தச் சிலிண்டர்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன, எஞ்சினின் எடை எந்த ஆக்சிலின் (சக்கர அச்சின்) மேல் விழுகிறது என்று கேட்பவர்கள் அரிது. வளைவில் காரின் குணம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

பி.எம்.டபிள்யூவின் நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்களின் அதிர்வுகள் தமக்குள்ளேயே சமன்பட்டுவிடுகின்றன. ஆனால் எஞ்சின் நீளமாகிவிடுகிறது. சிலிண்டர்களை மூன்று மூன்றாக V வடிவில் அடுக்கும் வி-6 நீளத்தை மிச்சப்படுத்தி, அந்த இயல்பான சமநிலையை இழக்கிறது.

சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சினின் கதை வேறு. எதிரெதிர்ப் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் வெளியே சென்று ஒரே நேரத்தில் உள்ளே வருவதால் அதிர்வு குறைகிறது. சிலிண்டர்களின் முனையை மூடும் கனமான சிலிண்டர் ஹெட்டுகள் தாழ்ந்திருப்பதால் காரின் ஈர்ப்பு மையமும் இறங்கி, வளைவில் பாடி சாய்வது குறைகிறது. (நெருக்கமான இடத்தில் கைவிட்டு ஸ்பார்க் பிளக் மாற்றும் மெக்கானிக்கின் கைகளைக் கேட்டால் வேறு கருத்துச் சொல்லும்.)

1963இல் அறிமுகமான போர்ஷே 911 இந்த எஞ்சினைப் பின் ஆக்சிலுக்கும் பின்னால் வைத்தது. வளைவிலிருந்து வெளியேறும்போது பின்சக்கரங்களுக்குக் கிடைக்கும் பிடிப்பு அபாரமானது. ஆனால் வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரைத் திடீரென விட்டால், எடை முன்னுக்கு நகர்ந்து பின் டயர்களின் பிடி தளர, கனத்த வால் வெளிப்புறமாக வீசிவிடும். அதனால்தான் 1969 மாடலில் வீல்பேஸை (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரத்தை) 57 மில்லிமீட்டர் நீட்டி, முன்பக்க எடையைக் கூட்ட அங்கே இரண்டு பேட்டரிகளைப் பிரித்து வைத்தார்கள். இன்றைய 911 பெரிதும் பண்பட்டுவிட்டது என்றாலும், இயற்பியல் விதி மாறவில்லை. பின் டயர்கள் தேய்ந்த நிலையில் கார் சறுக்குவதைத் தானாகத் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்துவிட்டு ஈரச்சாலையில் ஓட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பாக்ஸர் எஞ்சினில் பலரும் கவனிக்காத இன்னொன்று ஆயில். நீண்ட, வேகமான வளைவில் ஆயில் வெளிப்பக்க ஹெட்டில் தேங்கிவிட, சம்ப்பில் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) பம்ப் உறிஞ்சும் இடம் ஒரு கணம் வறண்டுபோகலாம். ரேஸ் டிராக்கில் ஒட்டும் தன்மை மிகுந்த டயர்களுடன் ஓடிய ஒரு காரை வொர்க்ஷாப்பில் திறந்தபோது, வடித்த ஆயிலில் வெள்ளித்தூள் போல உலோகப்பொடி மினுங்கியது. சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் மேல் நகத்தை ஓட்டினால் கீறல் தட்டுப்பட்டது. ஓட்டியவருக்கு எச்சரிக்கை விளக்கு எரிந்த நினைவே இல்லை. டிராக்குக்குப் போகும் நாளில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் மேல் குறிவரை ஆயில் நிரப்பி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் காரைச் சமதளத்தில் நிறுத்தி மறுபடி அளவு பாருங்கள்.